ஹிஜ்லி: சிறைக்கும் கல்விக்கூடத்துக்கும் இடையே மறைந்துபோன போர்த் தளம்

விடுதலைப் போராட்ட வீரர்களை அடைத்த கட்டடம், ஜப்பான் மீது குண்டு வீசிய அமெரிக்கப் படையின் தலைமையகமாகி, பின்னர் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. ஆன வரலாறு

கரக்பூர் ஐ.ஐ.டி. வளாகத்தில் உயர்ந்த கோபுரத்துடன் நிற்கும் பழைய கட்டடத்துக்கு ஹிஜ்லி ஷாகித் பவன், அதாவது தியாகிகள் மாளிகை என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் விசாரணையின்றி அடைக்கப்பட்ட வங்க இளைஞர்களின் நினைவாக அந்தப் பெயர் வைக்கப்பட்டது. நாட்டின் முதலாவது இந்திய தொழில்நுட்பக் கழகம் 1951-ம் ஆண்டு தொடங்கப்பட்டதும் அதே கட்டடத்தில்தான்.

இந்த இரண்டு செய்திகளையும் பாடநூல்கள் சொல்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் அக்கட்டடத்துக்கு வேறொரு வாழ்க்கை இருந்ததைப் பலரும் அறிவதில்லை. 1944-ம் ஆண்டு வசந்த காலத்திலிருந்து ஏறத்தாழ ஓராண்டு, அமெரிக்க விமானப் படையின் 20-வது குண்டுவீச்சுப் படைப்பிரிவின் தலைமையகமாக அது விளங்கியது. அதைச் சுற்றிலும் மேதினிபூர் மாவட்டத்திலும், அதை ஒட்டிய பாங்குரா, சிங்பூம் மாவட்டங்களிலும் ஐந்து விமானத் தளங்கள் அமைக்கப்பட்டன. அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய குண்டுவீச்சு விமானமான பி-29, போரில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது இந்தத் தளங்களிலிருந்துதான்.

அந்த ஓராண்டின் வரலாறு விமானங்களின் வரலாறு மட்டுமல்ல. ஒரு நாட்டின் மண் அந்நாட்டு மக்களின் சம்மதமின்றிப் பிறர் போருக்குப் பயன்படுத்தப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கான சான்றும் அதில் இருக்கிறது.

கிளர்ந்தெழுந்த மாவட்டம்

ஆங்கிலேய ஆட்சிக்குப் பெரும் தலைவலியாக இருந்த மாவட்டம் மேதினிபூர். 1931, 1932, 1933 என மூன்று ஆண்டுகளில் பெட்டி, டக்ளஸ், பர்ஜ் ஆகிய மூன்று ஆங்கிலேய மாவட்ட ஆட்சியர்கள் அங்கு அடுத்தடுத்துப் புரட்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஹிஜ்லியைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் அமைக்கும் நோக்கில் கட்டப்பட்ட மாளிகை அது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டதால் வெறுமனே கிடந்த கட்டடத்தை, 1930-ம் ஆண்டு அரசியல் கைதிகளுக்கான தடுப்புக் காவல் முகாமாக அரசு மாற்றியது. 1931-ம் ஆண்டு செப்டம்பர் 16-ம் தேதி இரவு, நிராயுதபாணிகளாக இருந்த கைதிகள் மீது காவலர்கள் துப்பாக்கிச் சூடு நடத்தினர். சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா ஆகிய இருவர் உயிரிழந்தனர். அவர்களது உடல்களைப் பெற்றுக்கொள்ள சுபாஷ் சந்திர போஸ் ஹிஜ்லிக்கே வந்தார். கொல்கத்தாவில் நடைபெற்ற மாபெரும் கண்டனக் கூட்டத்துக்கு ரவீந்திரநாத் தாகூர் தலைமை தாங்கினார்.

1937-ல் மூடப்பட்ட முகாம், போர் தொடங்கிய பின்னர் 1940-ல் மீண்டும் திறக்கப்பட்டு, 1942-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. கைதிகள் வேறு சிறைகளுக்கு மாற்றப்பட்டனர்.

அதே 1942-ல் "வெள்ளையனே வெளியேறு' இயக்கம் மேதினிபூரில் உச்சத்தைத் தொட்டது. தாம்லுக் காவல் நிலையத்தை நோக்கி செப்டம்பர் 29-ம் தேதி சென்ற ஊர்வலத்தில், கையில் மூவர்ணக் கொடியுடன் முன்னே நடந்த மூதாட்டி மாதங்கினி ஹஸ்ரா சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 17-ம் தேதி, தாம்லுக்கில் "தாம்ரலிப்த தேசிய அரசு' என்ற போட்டி அரசையே மக்கள் அமைத்துக்கொண்டனர். 1944-ம் ஆண்டின் நடுப்பகுதி வரை அது இயங்கியது. அதாவது, முதல் பி-29 விமானம் வந்து இறங்கியபோது, அதிகத் தொலைவில் இல்லாத தாம்லுக்கில் ஆங்கிலேய ஆட்சியை ஏற்காத ஓர் இந்திய அரசு செயல்பட்டுக் கொண்டிருந்தது.

பஞ்சத்தின் நடுவே கான்கிரீட் பாதைகள்

போராட்டத்தோடு இயற்கையின் சீற்றமும் சேர்ந்துகொண்டது. 1942-ம் ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி வீசிய புயலும், அதனால் பொங்கிய கடல் வெள்ளமும் மேதினிபூர் கடலோரத்தில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. ஜப்பானியர் தரையிறங்கினால் எதுவும் கிடைக்கக் கூடாது என்று அரசு ஏற்கெனவே கடலோர மாவட்டங்களிலிருந்து உபரி நெல்லை அப்புறப்படுத்தியிருந்தது. படகுகளையும் பறிமுதல் செய்திருந்தது. பர்மா அரிசி வரத்தும் நின்றுபோனது. 1943-ல் வங்கப் பஞ்சம் வெடித்தது. இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று அரசு நியமித்த விசாரணை ஆணையம் 1945-ல் மதிப்பிட்டது. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் உள்ளிட்டோரின் பிற்கால மதிப்பீடு 30 லட்சத்தை நெருங்குகிறது.

உணவு தானியம் ஏற்றிவரக் கப்பல்கள் வேண்டும் என்று தில்லியிலிருந்து சென்ற வேண்டுகோள்கள் லண்டனில் தொடர்ந்து தட்டிக் கழிக்கப்பட்டன. போர்த் தேவைக்கே கப்பல் போதவில்லை என்பது சர்ச்சில் அரசு சொன்ன காரணம்.

இந்தச் சூழ்நிலையில்தான், 1943-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், விமானத் தளங்கள் அமைக்க உதவுமாறு பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலைக் கேட்டுக் கொண்டார். திட்டத்துக்கு "மேட்டர்ஹார்ன்' என்று பெயர். இந்தியாவில் நிலையான தளங்கள். சீனாவின் செங்டு பகுதியில் முன்னணித் தளங்கள். அங்கிருந்து ஜப்பான் மீது தாக்குதல் என்பது அதன் சாரம்.

கரக்பூரைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் இருந்தன. வங்காள-நாக்பூர் ரயில்வேயின் பெரிய சந்திப்பு அது. கொல்கத்தா துறைமுகம் அருகில் இருந்தது. செம்புரைக்கல் மண்ணாலான மேட்டு நிலம், கனமான விமானங்களைத் தாங்கும். ஏற்கெனவே இருந்த சிறிய ஓடுபாதைகளை விரிவாக்கினால் போதும் என்பது இன்னொரு வசதி.

கரக்பூர், சாக்குலியா, பியார்டோபா, தூத்குண்டி, கலைகுண்டா ஆகிய ஐந்து இடங்களில் பணிகள் நடைபெற்றன. 6 ஆயிரம் அடி நீள ஓடுபாதைகள் 7,500 அடியாக நீட்டிக்கப்பட்டன. சுமார் 6 ஆயிரம் அமெரிக்கப் படையினரும், 27 ஆயிரம் இந்தியத் தொழிலாளர்களும் இப்பணியில் ஈடுபட்டனர். ஹூக்ளி நதிக்கரையில் உள்ள பட்ஜ் பட்ஜ் துறைமுகத்திலிருந்து விமானத் தளங்களுக்கு எரிபொருள் கொண்டுவர தனிக் குழாய்ப் பாதையும் பதிக்கப்பட்டது.

பஞ்சத்தையடுத்துப் பரவிய காலராவும் மலேரியாவும் அப்போதும் வங்கத்தில் உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்தன. அரிசிக்குக் கிடைக்காத கப்பல்களும் ரயில் பெட்டிகளும் சிமெண்டுக்கும் பெட்ரோலுக்கும் கிடைத்தன. அரசிடம் வசதி இல்லாமல் போகவில்லை. எதற்கு முன்னுரிமை என்பதே வேறாக இருந்தது.

வாஷிங்டனிலிருந்து உத்தரவு

1944-ம் ஆண்டு ஏப்ரல் 2-ம் தேதி முதல் பி-29 விமானம் சாக்குலியாவில் தரையிறங்கியது. நான்கு என்ஜின்கள், 141 அடி அகல இறக்கைகள் கொண்ட அந்த விமானம் முழுமையாகச் சோதித்து முடிக்கப்படாமலேயே போருக்கு அனுப்பப்பட்டது. வரும் வழியில் கராச்சி அருகே அடுத்தடுத்து விபத்துகள் நேரிட்டதால், சில நாள்கள் இவ்வகை விமானங்கள் பறப்பதே நிறுத்திவைக்கப்பட்டது. கோடை வெயிலில் என்ஜின்கள் அளவுக்கு மீறிச் சூடேறின.

இந்தப் படையின் தனித்தன்மை அதன் நிர்வாகம். தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த மவுன்ட்பேட்டனுக்குக் கூட இதன் மீது அதிகாரம் இல்லை. வாஷிங்டனில் இருந்த அமெரிக்க விமானப் படைத் தலைவர் ஜெனரல் ஆர்னால்ட், முப்படைத் தளபதிகள் குழுவின் சார்பில் நேரடியாக உத்தரவிட்டார்.

இந்தியாவின் நிலையோ இன்னும் பரிதாபமானது. 1939-ல் இந்தியத் தலைவர்கள் எவரையும் கலந்தாலோசிக்காமல் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தினார். அதைக் கண்டித்து மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. 1944-ல் நேருவும் படேலும் ஆசாதும் சிறையில் இருந்தனர்.

ஒரு கேலனுக்குப் பன்னிரண்டு கேலன்

1944-ம் ஆண்டு ஜூன் 5-ம் தேதி, பி-29 விமானங்களின் முதல் போர்த் தாக்குதல் நடைபெற்றது. இலக்கு, பாங்காக் ரயில்வே பணிமனைகள். 98 விமானங்கள் புறப்பட்டன. 77 மட்டுமே குண்டு வீசின. எதிரியால் அல்ல, இயந்திரக் கோளாறு, எரிபொருள் பற்றாக்குறை போன்றவற்றால் 5 விமானங்கள் அழிந்தன. பத்து நாள்களில், செங்டு வழியாகச் சென்ற விமானங்கள் ஜப்பானின் யவாட்டா உருக்காலையைத் தாக்கின. 1942 ஏப்ரலுக்குப் பின்னர் ஜப்பானியத் தீவுகள் மீது நடந்த முதல் விமானத் தாக்குதல் அது. ஆலைக்குப் பெரிய சேதம் ஏற்படவில்லை.

திட்டத்தின் அடிப்படையிலேயே கோளாறு இருந்தது. கரக்பூரிலிருந்து செங்டு சுமார் 1,900 கிலோ மீட்டர். இடையே இமயமலைத் தொடரின் கிழக்குப் பகுதி. தரைவழிப் பாதை துண்டிக்கப்பட்டிருந்ததால் பெட்ரோல், குண்டு, உதிரி பாகம் என அனைத்தையும் விமானத்தில்தான் கொண்டுசெல்ல வேண்டும். பல முறை பறந்து எரிபொருளைச் சேமித்து வைத்த பின்னரே ஒரு தாக்குதல் நடத்த முடிந்தது. வானிலை மோசமாக இருந்த நாள்களில், ஒரு கேலன் பெட்ரோலைச் சீனாவில் சேர்க்க, பயணத்திலேயே 12 கேலன் வரை எரிந்தது.

முதல் தளபதி கென்னத் உல்பின் செயல்பாட்டில் வாஷிங்டன் பொறுமை இழந்தது. ஆகஸ்ட் மாத இறுதியில் கர்டிஸ் லீமே கரக்பூர் வந்து சேர்ந்தார். விமானங்கள் அணிவகுத்துப் பறக்கும் முறையையும், குண்டு வீசும் பயிற்சியையும் அவர் மாற்றியமைத்தார். 1945 ஜனவரியில் பசிபிக் பெருங்கடலில் உள்ள மரியானா தீவுகளுக்கு மாற்றப்பட்ட அவர், மார்ச் மாதம் டோக்கியோ நகரையே தீக்கிரையாக்கிய தாக்குதலுக்கு உத்தரவிட்டார். ஒரே இரவில் ஒரு லட்சம் பேர் வரை மாண்டனர்.

திரிகோணமலையும் சிங்கப்பூரும்

தமிழர் வாழும் பகுதிகளையும் இந்தப் போர் தொட்டது. சுமத்ராவில் ஜப்பானியர் வசம் இருந்த பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் கரக்பூரிலிருந்து எட்டாத தொலைவில் இருந்தன. ஆகவே இலங்கையின் திரிகோணமலை அருகே சீனன்குடாவில் இருந்த ஓடுபாதை 7,200 அடியாக நீட்டப்பட்டது. 1944-ம் ஆண்டு ஆகஸ்ட் 10-ம் தேதி அங்கிருந்து 54 விமானங்கள் புறப்பட்டன. போய்த் திரும்பும் தொலைவு சுமார் 6,200 கிலோ மீட்டர். அதற்கு முன்னர் எந்தக் குண்டுவீச்சு விமானமும் போரில் இடைநில்லாமல் அவ்வளவு தொலைவு பறந்ததில்லை.

நவம்பர் 5-ம் தேதி, மேதினிபூர் தளங்களிலிருந்து சென்ற விமானங்கள் சிங்கப்பூர் கடற்படைத் தளத்தின் பெரிய கப்பல் பழுதுபார்க்கும் துறையைத் தாக்கிச் செயலிழக்கச் செய்தன. 1943 அக்டோபரில் சுதந்திர இந்திய அரசை நேதாஜி பிரகடனம் செய்த நகரம் சிங்கப்பூர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அவரது இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்தனர். பின்னர் அவரது அரசின் தலைமையிடம் ரங்கூனுக்கு மாறியது. ரங்கூன் ரயில் நிலையப் பகுதிகளும் இதே விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின.

வரலாற்றின் முரண் இங்கேதான் இருக்கிறது. 1931-ல் ஹிஜ்லிக்கு வந்து தியாகிகளின் உடல்களைப் பெற்றுக்கொண்ட தலைவர், 1944-ல் ஜப்பானின் பக்கம் நின்று இந்திய விடுதலைக்காகப் படை நடத்திக்கொண்டிருந்தார். அதே ஹிஜ்லியிலிருந்து அவரது நேச நாட்டின் மீது குண்டு வீச உத்தரவுகள் பிறந்துகொண்டிருந்தன. ஜப்பானிய ஏகாதிபத்தியம் கொடூரமானது என்பதில் ஐயமில்லை. 1942 டிசம்பரில் கொல்கத்தாவும் ஜப்பானியக் குண்டுகளுக்கு இலக்கானது. ஆயினும் எந்தப் பக்கம் நிற்பது என்று தீர்மானிக்கும் உரிமை இந்தியர்களுக்கு வழங்கப்படவே இல்லை.

எதிர்பாராத இன்னொரு விளைவும் உண்டு. 1944 ஜூலை இறுதியில், பியார்டோபாவைத் தளமாகக் கொண்ட படையணியைச் சேர்ந்த விமானம் ஒன்று, மஞ்சூரியா மீதான தாக்குதலுக்குப் பின்னர் கோளாறு காரணமாக சோவியத் ஒன்றியத்தின் விளாதிவஸ்தோக்கில் இறங்கியது. அடுத்த சில மாதங்களில் மேலும் இரு பி-29 விமானங்கள் அவ்வாறே இறங்கின. மாஸ்கோ அவற்றைத் திருப்பித் தரவில்லை. அவற்றைப் பிரித்துப் பார்த்து அச்சு அசலாக வடிவமைக்கப்பட்ட டியு-4 விமானம் 1947-ல் பொதுமக்கள் முன் பறந்தது. சோவியத் ஒன்றியத்தின் முதல் அணுகுண்டு விமானம் அதுதான். பனிப் போரின் வேர்களில் ஒன்று பாங்குராவின் சால மரக் காடுகள் வரை நீள்கிறது எனலாம்.

சிறை கல்விக்கூடமானது

மரியானா தீவுகள் அமெரிக்கர் வசமானதும் கரக்பூரின் முக்கியத்துவம் குறைந்தது. 1945 மார்ச் இறுதியுடன் இங்கிருந்து தாக்குதல்கள் முடிவுக்கு வந்தன. மொத்தம் 49 தாக்குதல்களை நடத்திய படைப்பிரிவின் பி-29 அணிகள் டினியன் தீவுக்கு இடம்பெயர்ந்தன. வந்த வேகத்திலேயே அமெரிக்கர்கள் வெளியேறினர்.

காலியான கட்டடத்துக்கு விடுதலை பெற்ற இந்தியா புதிய வாழ்வு தந்தது. நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி அமைந்த உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துக்கு, முதல்வர் பி.சி. ராய் மேற்கு வங்கத்தில் இடம் தேடினார். ஹிஜ்லி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1951-ம் ஆண்டு ஆகஸ்ட் 18-ம் தேதி மத்திய கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் அதை முறைப்படி தொடங்கிவைத்தார். 1956-ல் முதல் பட்டமளிப்பு விழாவில் பேசிய பிரதமர் நேரு, தடுப்பு முகாம் இருந்த இடத்தில் புதிய இந்தியாவின் அடையாளம் எழுந்திருப்பதைப் பெருமிதத்துடன் சுட்டிக்காட்டினார். 1990-ல் அக்கட்டடத்தில் நேரு பெயரில் அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது.

ஓடுபாதைகள் வெவ்வேறு விதமாகப் போயின. கலைகுண்டா இந்திய விமானப் படையின் முக்கியத் தளமாக வளர்ந்தது. 1965-ம் ஆண்டு செப்டம்பர் 7-ம் தேதி பாகிஸ்தான் விமானங்கள் இருமுறை அதைத் தாக்கின. இரண்டாவது தாக்குதலின்போது நமது விமானப் படையினர் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தினர். தூத்குண்டி, விமானப் படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக் களமாயிற்று. கரக்பூர் ஓடுபாதை இருந்த சலுவாவில் மேற்கு வங்கக் காவல் துறையின் கிழக்கு எல்லைத் துப்பாக்கிப் படை குடியேறியது. சாக்குலியாவில் 1971-ல் வங்கதேச விடுதலைப் படையினருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பியார்டோபா காட்டுக்குள் கைவிடப்பட்டது.

மீண்டும் வந்த அமெரிக்க விமானங்கள்

அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அமெரிக்க விமானங்கள் இந்த மண்ணுக்குத் திரும்பின. 2005 ஜூன் மாதம் பாதுகாப்பு அமைச்சர் பிரணாப் முகர்ஜியும், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டும் பத்தாண்டு ராணுவ ஒத்துழைப்புக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அவ்வாண்டு நவம்பரில் "கோப் இந்தியா' கூட்டுப் பயிற்சி கலைகுண்டாவில் நடைபெற்றது. தளத்துக்கு வெளியே இடதுசாரிக் கட்சிகள் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்தின. மேற்கு வங்கத்தை அப்போது ஆண்டதும் அவர்கள்தாம். மத்தியில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசை வெளியிலிருந்து தாங்கியதும் அவர்கள்தாம்.

2007-ல் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூர் விமானப் படையும் கலைகுண்டாவில் பயிற்சி பெறத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் நடந்த "கோப் இந்தியா' பயிற்சியில் அமெரிக்காவின் பி-1 குண்டுவீச்சு விமானங்கள் கலந்துகொண்டன, ஜப்பான் விமானப் படையினர் பார்வையாளர்களாக வந்திருந்தனர். ஒரு காலத்தில் இத்தளங்களிலிருந்து குண்டு வீசப்பட்ட இரு நாடுகளும் விருந்தினர்களாக வந்தது காலத்தின் கோலம்.

2005-ல் நடந்த ஆர்ப்பாட்டத்தை வெறும் அமெரிக்க எதிர்ப்பு அரசியல் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. கூட்டுப் பயிற்சியை அடிமைத்தனம் என்று வர்ணித்தவர்களும் உண்டு. இரு தரப்பினரும் 1944-ஐ நினைவுகூர்ந்திருந்தால் விவாதம் இன்னும் தெளிவாக இருந்திருக்கும். 2005-ல் விருந்தினர்களை அழைத்தது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. அதை எதிர்த்துக் கோஷமிட்டவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. பயிற்சி முடிந்ததும் விமானங்கள் திரும்பிச் சென்றன. 1944-ல் இவற்றில் முதல் இரண்டும் இல்லை. அன்று எதிர்த்திருக்கக் கூடியவர்கள் சிறையில் இருந்தார்கள் அல்லது பசியால் மடிந்துகொண்டிருந்தார்கள்.

ஹிஜ்லியில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. விபத்தில் இறந்த அமெரிக்க விமானிகளின் பெயர்கள் அவர்கள் நாட்டின் ஆவணங்களில் இருக்கின்றன. போர்க்காலச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கப்பட்ட உழவர்களுக்கும், பஞ்ச காலத்தில் கல் சுமந்து ஓடுபாதை அமைத்த 27 ஆயிரம் தொழிலாளர்களுக்கும் அந்த இரண்டு பதிவேடுகளிலும் இடமில்லை. சிறையையும் கல்விக்கூடத்தையும் ஒருசேரச் சொல்லும் அந்தக் கட்டடத்தின் அருங்காட்சியகத்தில், அவர்களுக்கென ஓர் அறை ஒதுக்கினால் ஹிஜ்லியின் வரலாறு முழுமை பெறும்.